பழைய ஐ5-க்கு எந்த வீஜீஏ? அக்கரைப்பற்றுத் தம்பிக்கு ஒரு பதில்

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மெஷின் இன்டெல் ஐ5-4570, எச்81 போர்ட், 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றே ஒன்று, ஜிடிஎக்ஸ் 750 டிஐ வீஜீஏ (படத்தை வரைகிற கார்ட்), 60 ஹேர்ட்ஸ் 1080பி மொனிட்டர், கேசிங்கோடு வந்த '500 வாட்' பவர் சப்ளை. இரவில் வாலரன்ட், ஜிடிஏ 5 கேம்கள். பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங். கட்டாரில் இருக்கும் காக்கா (அண்ணன்) காசு அனுப்பியிருக்கிறார். ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கவா, அல்லது 'பழைய மெஷினுக்கு இது காணும்' என்று கடையில் காட்டிய ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை எடுக்கவா, பாட்டில்நெக் வருமா, அதாவது பழைய புரொசெசர் புதிய கார்டை இழுத்துப் பிடிக்குமா என்பது அவருடைய கேள்வி. இணையத்தில் ஏதோ ஒரு கல்குலேட்டர் பெரிய சதவீதம் ஒன்றைக் காட்டிப் பயப்படுத்தியும் இருக்கிறது.

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். 6500 எக்ஸ்டி பக்கம் போகவே வேண்டாம். 4060 நல்ல கார்ட்தான். ஆனால் இதே போர்டில் வைத்து ஓட்டுவதானால் கொடுத்த காசில் கணிசமான பங்கை நீங்கள் கண்ணால் காண மாட்டீர்கள். வீடியோ வேலையும் ஜிடிஏயும் முக்கியம் என்றால், பாவித்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் ஒன்று, அதோடு ஒழுங்கான பவர் சப்ளை ஒன்று. வாலரன்ட்தான் உயிர் என்றால் கார்டே வாங்காதீர்கள்.

அந்தக் கல்குலேட்டர் கதையை விடுங்கள். எந்தக் கேம், எந்த செட்டிங், எந்த மொனிட்டர் என்று கேட்காமல் சதவீதம் சொல்வது கிளி சாத்திரம் பார்க்கிற மாதிரித்தான். இடியப்பக் கடையில் ஒருவர் பிழிவார், இன்னொருவர் அவிப்பார். புரொசெசர் பிழிகிற ஆள், வீஜீஏ அவிக்கிற அண்டா. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார், எந்தக் குண்டு எங்கே பட்டது என்ற கணக்கையெல்லாம் புரொசெசர் முடித்துக் கொடுத்தால்தான் கார்ட் படத்தை வரையும். மணித்தியாலத்துக்கு நூறு பிழிகிற கைக்கு ஐந்நூறு அவிக்கிற அண்டாவை வாங்கி வைத்தாலும் மேசைக்கு வருவது நூறுதான். அதேநேரம், ரெசொலூஷன், டெக்ஸ்சர், நிழல் இவற்றைக் கூட்டும்போது கூடுவது பெரும்பாலும் அவிக்கிற நேரம். ஜிடிஏயில் சன நெருக்கமும் தூரக் காட்சியும்தான் விதிவிலக்கு. அந்த இரண்டும் பிழிகிற கையில் போய் விழும்.

ஆகவே காசு கொடுக்க முன்னர், உங்கள் மெஷினில் யார் யாருக்காகக் காத்து நிற்கிறார் என்று பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போடுங்கள், இலவசம்தான், எண்களைத் திரையில் காட்டுகிற ரிவாட்யூனரும் கூடவே வரும். திரையின் மூலையில் கார்டின் பாவனை, புரொசெசரின் நான்கு கோர்களின் பாவனை தனித்தனியாக, ஃப்ரேம் எண்ணிக்கை மூன்றும் தெரிகிற மாதிரி வையுங்கள். வழக்கமாக விளையாடுகிற இடத்தில் ஒரு கால் மணித்தியாலம் விளையாடுங்கள். கார்ட் 97, 98 என்று நின்றால் கார்ட்தான் மூச்சு வாங்குகிறது. கார்ட் 60, 70-ல் தொங்க, கோர்களில் ஒன்றிரண்டு நூறை முட்டினால் புரொசெசர்தான். சந்தேகம் என்றால் ரெசொலூஷனை 720பி-க்கு இறக்குங்கள். ஃப்ரேம் ஏறினால் புதிய கார்ட் உதவும். ஏறாமல் அப்படியே நின்றால், எந்தக் கார்டைப் போட்டாலும் ஏறாது. மொத்தப் புரொசெசர் பாவனை 60 சதவீதம்தானே என்று ஏமாறாதீர்கள். நான்கு பேரில் ஒருவன் முறிந்துகொண்டிருக்க மற்ற மூவரும் வேலி ஓரம் நின்றாலும் சராசரி அழகாகத்தான் வரும்.

உங்கள் மெஷினில் என்ன வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். வாலரன்ட்டில் புரொசெசர்தான் தடுக்கும். அந்தக் கேம் கார்டைப் பெரிதாகக் கேட்பதே இல்லை. ஜிடிஏயில் செட்டிங்கைக் கூட்டினால் 2 ஜிபி மெமரியோடு 750 டிஐ முதலில் விழும். 2014-ல் வந்த கார்ட், 60 வாட்டில் இத்தனை வருடம் உழைத்ததே பெரிய காரியம். அதன் மேக்ஸ்வெல் தலைமுறைக்கு என்விடியா கேம் டிரைவர் கொடுப்பதை 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஜிடிஎக்ஸ் 1060, 1050 டிஐ எல்லாவற்றுக்கும் இதே கதி. ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று 1060 ஒன்றை இப்போது வாங்காதீர்கள்.

சரி, கடைக்காரர்கள் சொல்லாத விசயத்துக்கு வருவோம். உங்களுக்குத் தடை புரொசெசர் மட்டுமல்ல, எச்81 போர்டும்தான். கார்டுக்கும் புரொசெசருக்கும் நடுவில் தரவு போகிற வழிக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ், அதிலுள்ள ஒவ்வொரு பாதையும் ஒரு லேன். ஐ5-4570 பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 பேசத் தெரிந்த புரொசெசர். அதையே பி85 போர்டில் போட்டால் 3.0 கிடைக்கும். எச்81-ல் இன்டெல் அந்த வழியை 2.0-க்கு மட்டுப்படுத்தி வைத்தது. பதினாறு லேன் இருந்தால் 2.0-ல் செக்கனுக்கு 8 ஜிபி போகலாம். எட்டு லேன் என்றால் 4. நான்கு லேன் என்றால் 2.

இப்போது 6500 எக்ஸ்டியைப் பாருங்கள். போர்டின் பெரிய சொக்கட்டில்தான் குத்துவீர்கள், பார்க்க முழுசாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கார்டில் வேலை செய்கிற லேன் நான்கே நான்கு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள புதிய போர்டுக்காகச் செய்த கார்ட் அது, 3.0-ல் போட்டாலே சில கேம்களில் நன்றாகச் சறுக்குகிறது. உங்கள் போர்டில் அதற்குக் கிடைப்பது செக்கனுக்கு 2 ஜிபி. கார்டுக்குள்ளே இருக்கும் மெமரி செக்கனுக்கு 144 ஜிபி வேகம். அந்த 4 ஜிபி மெமரி நிரம்பும்வரை ஒன்றும் தெரியாது. நிரம்பிய நிமிசத்தில் மிச்ச டெக்ஸ்சர்கள் ரேமில் இருந்து அந்த ஒற்றையடிப் பாதையால் வர வேண்டும். மாரியில் வெள்ளம் ஏறிய ரோட்டில் ஒரு பக்கத்தால் மட்டும் வாகனம் விடுவார்களே, அதே கதை. படம் நிற்கும், ஓடும், திரும்ப நிற்கும். இதற்குமேல், அந்தக் கார்டில் வீடியோவைச் சுருக்கி எழுதுகிற என்கோடர் கிடையவே கிடையாது. கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணும்போது கார்ட் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், பாரம் முழுவதும் பழைய ஐ5 தலையில். 'பழைய மெஷினுக்கு இது காணும்' என்றார் அல்லவா? உண்மையில் பழைய மெஷினுக்கு ஒத்துவராத கார்ட் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆர்எக்ஸ் 6400-ம் அதே நான்கு லேன் கதைதான்.

4060, ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3050 மூன்றும் எட்டு லேன். உங்கள் போர்டில் 4 ஜிபி வேகம். 8 ஜிபி மெமரி இருப்பதால் அடிக்கடி ரேமுக்கு ஓட வேண்டிய தேவை குறைவு, சமாளிக்கும். 1660 சூப்பர் 2019-ல் வந்தது, பதினாறு லேனும் உண்டு, 6 ஜிபி மெமரி, டிரைவர் இன்னும் வருகிறது, என்கோடர் நல்ல தரம். இந்தப் போர்டின் முழு 8 ஜிபி வழியையும் அது பாவிக்கும். பழைய போர்டுக்குப் பழைய கார்ட் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. 750 டிஐயில் இருந்து இதற்குப் போனாலே ஜிடிஏயை அடையாளம் தெரியாது.

இன்னும் ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் போர்டும் புரொசெசரும் மாற்றுகிற எண்ணம் இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்போது ஆர்எக்ஸ் 6600 எடுங்கள். 132 வாட், 8 ஜிபி, பிறகு புதிய போர்டுக்கும் அப்படியே கொண்டுபோகலாம். டிஎக்ஸ்12-ல் (டைரக்ட்எக்ஸ் 12) ஓடுகிற புதிய கேம்களில் என்விடியா டிரைவர் புரொசெசரிடம் கொஞ்சம் கூடுதலாக வேலை வாங்கும், ரேடியன் (ஆர்எக்ஸ் கார்டுகள்) குறைவாக வாங்கும். பலவீனமான புரொசெசருக்கு அது ஒரு ஆறுதல். 4060 எடுக்கச் சொல்லுகிறவர்கள் டிஎல்எஸ்எஸ் பற்றி, அதாவது படத்தைச் சின்னதாக வரைந்து பெருப்பித்துக் காட்டுகிற வித்தை பற்றிச் சொல்வார்கள். அது கார்டின் சுமையைத்தான் குறைக்கும், பிழிகிற கைக்கு ஒரு உதவியும் இல்லை. ஃப்ரேம் ஜெனரேஷன் இடையில் ஃப்ரேம்களைச் செருகிக் காட்டும். பார்க்க வழுவழுப்பாக இருக்கும், கை அசைவுக்குப் பதில் வருகிற வேகம் கூடாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் உங்களுக்கு இல்லை. அவைக்கு, கார்டின் முழு மெமரியையும் புரொசெசர் ஒரேயடியாக அணுக விடுகிற ரீசைஸபிள் பார் வசதி வேண்டும், உங்கள் காலத்துப் போர்டுகளில் அது கிடையாது.

ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்குமே என்பீர்கள். 185 வாட் இழுக்கிற கார்டை உங்கள் பவர் சப்ளையில் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நேரடி அனுபவம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது.

சில வருடங்களுக்கு முன்னர் எனக்கே நடந்தது. கேசிங்கோடு வந்த '500 வாட்' பவர் சப்ளையில் 120 வாட் கார்ட் ஒன்றைப் போட்டேன். டெஸ்க்டாப்பில் ஒரு குறையும் இல்லை, படம் பார்த்தேன், பாட்டுக் கேட்டேன். கேம் தொடங்கி மூன்றாவது நிமிசம் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகின மணம். கழற்றிப் பார்த்தால் உள்ளே பல்லி முட்டை இரண்டு, வயர் ஓரமெல்லாம் பச்சைப் பூத்திருக்கிறது. பல்லிமேல் பழியைப் போட்டுவிட்டு விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெட்டியைத் திருப்பி லேபிளை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். முன்னால் 500 என்று கொட்டை எழுத்து. பக்கத்துக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட். போர்டும் போய்விட்டது. கார்ட் தப்பியது என் அதிர்ஷ்டம்.

உங்கள் பெட்டியிலும் அதே கட்டத்தைப் பாருங்கள். புரொசெசரும் கார்டும் தின்பது 12 வோல்ட்டில்தான். ஐ5-4570 84 வாட், 750 டிஐ 60 வாட், மொத்தம் 144. அதனால்தான் இத்தனை காலம் சத்தமில்லாமல் ஓடியது. 1660 சூப்பர் 125 வாட். 84-ஐக் கூட்டினால் 209, போர்டும் ஃபேனும் ஹார்ட் டிஸ்க்கும் வேறு. 192-க்குள் இது அடங்காது. பெயர் தெரிந்த, 80 பிளஸ் உள்ள, உண்மையான 450 வாட் போதும். 12 வோல்ட்டில் 30 அம்பியருக்குமேல் இருக்கிறதா என்று பாருங்கள். இதை மட்டும் பாவித்ததாக வாங்காதீர்கள், புதிதாகவே, உத்தரவாதத்தோடு எடுங்கள். எட்டுப் பின் வயர் அதிலேயே இருக்க வேண்டும், மோலெக்ஸில் இருந்து மாற்றுகிற வயர் வேண்டாம். யூபிஎஸ் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். 650 என்று எழுதியிருப்பது வோல்ட்-அம்பியர்; வாட் கணக்கு கீழே சின்னதாக 360 அளவில் இருக்கும். மொனிட்டரோடு சேர்த்து அதற்குள் நிற்கும், பிரிண்டரை மட்டும் அதில் கொளுவாதீர்கள்.

காசு போதாது, பவர் சப்ளை மாற்ற மாட்டேன் என்றால் ஒரே வழி, தனி வயர் கேட்காத கார்ட்: 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650 அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. ஒஃபிஸில் இருந்து வந்த டெல், எச்பி மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கும் இந்த இரண்டையும்தான் சொல்வேன், அவற்றின் பவர் சப்ளையை மாற்றுவதே தனி வில்லங்கம். 3050 6 ஜிபி வாங்குகிறவர்கள் பெட்டியில் '6 ஜிபி' என்பதைப் பார்த்து வாங்குங்கள். பழைய 8 ஜிபி வேறு கார்ட், 130 வாட்.

பாவித்த 1660 சூப்பர் எங்கே எடுப்பது? கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகிற ஆள் யாராவது இருந்தால் கையோடு சொல்லிவிடுங்கள், உதயதேவி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவரலாம். பார்சலில் எடுப்பதானால் ஓடுகிற வீடியோ கேளுங்கள், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 580, 6600 மூன்றும் எதேரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டப் (மைனிங்) பேர்போன கார்டுகள். 2022 செப்டெம்பரில் எதேரியம் அந்த முறையைக் கைவிட்டதும் சந்தைக்கு வந்து குவிந்தன. தோண்டிய கார்ட் என்றாலே குப்பை என்பது சரியில்லை. ஒரே வேகத்தில் ஓடிய சிப்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, தேய்வது ஃபேனும் மெமரி மேல் ஒட்டிய பேடும். ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள், கரகரத்தால் விலையைக் குறையுங்கள். கார்டின் பின்பக்கம் எண்ணெய் கசிந்திருந்தால் பேட் மாற்ற வேண்டும்.

நம்மட பக்கத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே இரண்டு வருடம் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடந்த கார்டை, வயர் குத்துகிற அந்தத் தகட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஓரத்தில் துரு, ஸ்குரூவின் தலையில் வெள்ளைப் பூ, ஈயப்பற்றில் மங்கல். அக்கரைப்பற்றுக் கடற்கரையிலும் இதே உப்புக் காற்றுத்தானே. உள்ளூரில் யாரும் விற்றால், மைனிங் செய்ததா என்று கேட்பதை விட எந்த அறையில் வைத்திருந்தார் என்று கேளுங்கள். குளிரூட்டி அறையில் இருந்த மைனிங் கார்டைத்தான் நான் எடுப்பேன்.

கையில் வந்ததும், கார்டின் விபரம் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். பெயர் மாற்றிய போலிக் கார்ட் என்றால் பெரும்பாலும் அதிலேயே காட்டிவிடும். கார்டை முழுப் பாரத்தில் ஓட்டிப் பார்க்கிற ஃபர்மார்க் பத்து நிமிசம், பிறகு உண்மையான கேம் ஒரு மணித்தியாலம். புள்ளிகள், கோடுகள், கறுப்புத் திரை ஏதாவது வந்தால் அன்றே திருப்புங்கள்.

காசில் மிச்சம் இருந்தால் முதலில் ரேம். ஒற்றை 8 ஜிபி டிடிஆர்3-1600 செக்கனுக்கு 12.8 ஜிபி தான் கொடுக்கும். அதே போல் இன்னொன்றைப் பக்கத்தில் குத்தினால் 25.6, அளவும் 16 ஜிபி ஆகிவிடும். உங்கள் போர்டில் இரண்டே இடம், உச்சமும் அதுதான். கேமில் இடைக்கிடை வருகிற வெட்டு இதனாலேயே பாதி அடங்கும். அப்புறம் புரொசெசர். பாவித்த ஐ7-4770 உங்கள் சொக்கட்டுக்கு அப்படியே இறங்கும், அதே 84 வாட், நான்கு கோரில் எட்டு த்ரெட். ஜிடிஏயில் உச்ச ஃப்ரேம் பெரிதாகக் கூடாது, ஆனால் விழுகிற இடங்களில் விழாது. வீடியோ எக்ஸ்போர்ட் நேரமும் நன்றாகக் குறையும். சியோன் இ3-1231 வி3 மலிவாகக் கிடைத்தால் அதுவும் அதே ஜாதி. போர்ட் ஏற்குமா என்று தயாரித்த கொம்பனியின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள், அதற்கு உள் கிராஃபிக்ஸ் கிடையாது. பயோஸ் புதுப்பிக்க வேண்டி வந்தால் யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடும். பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து 2025 பெப்ரவரியில் முழு நாட்டுக்கும் கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வாலரன்ட்டுக்கு ஏன் கார்டே வேண்டாம் என்றேன்? ஒன்று, அது புரொசெசரில் ஓடுகிற கேம். உங்கள் 60 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்கு இப்போதே 750 டிஐ காணும். இரண்டாவது, வின்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஓடு முடிந்தது, பதிவு செய்தவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். குறுக்கு வழியில் 11 ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓம் சொல்லிவிடாதீர்கள். விண்டோஸ் 11-ல், கள்ள ஆட்டத்தைப் பிடிக்கிற வாலரன்ட்டின் வான்கார்ட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், மெஷின் தொடங்கும்போதே காவல் பார்க்கிற செக்யூர் பூட்டும் கேட்கும். உங்களுடையது மாதிரி எச்81 போர்டுகளில் பெரும்பாலும் டிபிஎம் 2.0 இல்லை, அது இல்லாவிட்டால் கேம் திறக்கவே மாட்டாது. வாலரன்ட்தான் முக்கியம் என்றால் கார்டுக்கு வைத்த காசை ஐ3-12100எஃப், எச்610 போர்ட், டிடிஆர்4 ரேம் என்று போடுங்கள். 750 டிஐயை அதிலே குத்துங்கள், கார்டைப் பிறகு பார்ப்போம். ரேம் விலை 2025 கடைசியில் ஏறிய பிறகு இந்தக் கணக்குக் கொஞ்சம் கையைக் கடிக்கும், பாவித்த டிடிஆர்4 தேடுங்கள்.

கடைசியாக மொனிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். நாம் கார்டுக்கே வீஜீஏ என்று பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் இப்போதைய கார்டுகளில் அந்த நீல நிற வீஜீஏ துவாரம் கிடையாது. உங்கள் மொனிட்டருக்கு அது மட்டும்தான் என்றால் எச்டிஎம்ஐயில் இருந்து மாற்றுகிற, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். வெறும் வயர் வேலை செய்யாது. கேசிங் மூடியைக் கழற்றி, பின் தகட்டில் இருந்து ஹார்ட் டிஸ்க் கூடு வரை அடிமட்டத்தால் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு ஃபேன் 1660 சூப்பர் கொம்பனிக்குக் கொம்பனி நீளம் வேறு. விற்கிறவரிடம் மொடலைக் கேட்டு, அந்த அளவோடு பொருத்திப் பாருங்கள். பவர் சப்ளை லேபிளையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், 12 வோல்ட் கட்டம் தெரிகிற மாதிரி.